மூன்று கையெழுத்து

அத்தியாயம் 14

அம்மாவின் நீலக் கவுன் விடிந்ததிலிருந்து கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சின்னவள் ஜோவிலின் அதை இரண்டு தடவை இஸ்திரி போட்டுவிட்டாள்.

அப்பா லியோபோல்டோ போய் இன்றோடு ஒரு வருஷம். ஜெபம் முடிந்ததும் அம்மா எர்லிண்டா கறுப்பைக் கழற்றிவிட்டு நீலத்தை உடுத்திக்கொள்ள வேண்டும். பெண்கள் இருவரும் மார்பில் குத்தியிருக்கும் கறுப்பு ரிப்பனை எடுத்துவிட வேண்டும். பிறகு பன்சித் நூடுல்ஸ், பன்றி வறுவல், கேக். அத்தோடு துக்கம் முடிந்தது என்று இலோய்லோ ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

"ரிப்பனைக் கழட்டி வைக்க கிண்ணம் கொண்டாந்திருக்கேன் அக்கா. உன்னோடதையும் இதுலயே போட்டுடு" என்றாள் ஜோவிலின்.

"என்னோடது இருக்கட்டும். எனக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கு" என்றாள் கிளெண்டா.

ஜோவிலின் என்ன வேலை என்று கேட்கவில்லை. கேட்கிற பெண்தான் அவள். இன்றைக்கு ஏனோ கேட்கவில்லை.

சித்தப்பா செவெரினோ போன வாரம் மேஜையில் கொண்டுவந்து வைத்த காகிதத்தைப் பற்றி எனக்கு எத்தனை வாசகர் கடிதங்கள். அந்த மனிதனை என்ன செய்யப் போகிறீர்கள் என்று என்னையே மிரட்டி எழுதியவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள், கிளெண்டாவுக்கு உங்களைவிட அவசரம்.

கணவர் கட்டிய பேக்கரியிலும் அதற்குப் பின்னால் இருக்கும் வீட்டிலும் தனக்குள்ள பங்கை மனப்பூர்வமாக மைத்துனர் செவெரினோவுக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று எர்லிண்டா சொல்வதாக அந்தக் காகிதத்தில் இருந்தது. கீழே கையெழுத்து. பக்கத்தில் நோட்டரியின் முத்திரை. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

"நான் இதைப் போடலை" என்றார் அம்மா.

"கையெழுத்து உங்களோடது இல்லையா அண்ணி?" என்று கேட்டார் சித்தப்பா, குரலில் பாகு ஊற்றிக்கொண்டு.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷி. "என்னோடதுதான்" என்றார். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லாம் எர்லிண்டாவுக்கு மூளை குழம்பிவிட்டது, போட்டதை மறந்துவிட்டாள் என்று பேசிக்கொள்கிறார்கள். இரண்டு நாளைக்கு முன் அம்மாவே அப்படி நினைக்க ஆரம்பித்துவிட்டார். "நிஜமாவே மறந்துட்டேனா கிளெண்டா?" என்று அடுப்படியில் நின்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே சித்தப்பாவைச் சும்மா விடக்கூடாது என்று கிளெண்டா முடிவு செய்தாள். வீடு போனால்கூட வேறு வீடு பார்க்கலாம். ஒரு மனுஷியின் புத்தியையே அவளிடமிருந்து பிடுங்குவது வேறு வகைத் திருட்டு.

கிளெண்டாவின் தொழில் உங்களுக்குத் தெரியும். அலுவலகங்களுக்கு வாடகைக்குப் போகும் பெரிய பிரிண்டர்களைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும். முதுகில் பை, மோட்டார் சைக்கிள், நகக்கண்ணில் எந்நேரமும் கறுப்பு மைத்தூள்.

முந்தாநாள் வியாழக்கிழமை ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் அவள் மெஷினைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தபோது, கவுண்ட்டரில் ஒரு விதவை நின்றிருந்தாள். எங்கள் ஊரில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இரண்டு அடையாள அட்டையை ஒரே தாளில் ஜெராக்ஸ் எடுத்து, அதன் கீழே மூன்று முறை கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். ஒன்று போட்டால் வாங்க மாட்டார்கள், மூன்று வேண்டும். பென்ஷன் வாங்க மூன்று, பார்சல் வாங்க மூன்று. ஏன் மூன்று என்று கேட்டவரும் இல்லை, சொன்னவரும் இல்லை. திருட வருகிறவனுக்கு மூன்றில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கிக்கொள்ள வசதி, அவ்வளவுதான்.

அந்த விதவை மூன்றாவது கையெழுத்தைப் போடும்போது பேனா திக்கியது. கிளெண்டாவின் கையிலிருந்த திருப்புளி அப்படியே நின்றது.

போன வருஷம் ஏப்ரலில் அம்மாவுக்கு விதவைப் பென்ஷன் வாங்க அவள்தான் கூட இருந்தாள். பேக்கரி ஆபீஸில் அட்டைகளை ஜெராக்ஸ் எடுத்து, கீழே மூன்று கையெழுத்து. மூன்றாவதில் பேனா திக்கி, கடைசி எழுத்தின் வால் நடுவில் அறுந்துபோனது. அந்தத் தாளைத் திரும்பவும் மெஷினில் வைத்து ஸ்கேன் செய்து பென்ஷன் ஆபீஸுக்கு அனுப்பியதும் அவள்தான்.

சித்தப்பா காட்டிய காகிதத்திலும் வால் அதே இடத்தில் அறுந்திருந்தது.

ஒரே மனுஷி இரண்டு தடவை ஒரே இடத்தில் வாலை அறுக்க முடியாது. அந்தக் கையெழுத்து மெஷினுக்குள்ளிருந்து வந்தது.

அந்த மெஷினைப் பேக்கரியில் பொருத்தியவளும் கிளெண்டாதான், மூன்று வருஷத்துக்கு முன். அப்போது அப்பா இருந்தார். சித்தப்பா பக்கத்தில் நின்று, பெண்பிள்ளைகளை எங்கள் ஊரில் கூப்பிடுகிற மாதிரி 'இண்டாய்' என்று செல்லமாகக் கூப்பிட்டு யோசனை சொன்னார். "ஒருதரம் டைப் பண்ண கேக் ஆர்டரை மறுபடி டைப் பண்ண முடியாது இண்டாய். அடிச்சது, ஸ்கேன் பண்ணது எல்லாம் உள்ளயே இருக்கற மாதிரி வையி." வைத்தாள். "பாஸ்வேர்ட் எல்லாம் எதுக்கு? நாம எல்லாம் ஒரே குடும்பம்தானே." சரி என்று, தொழிற்சாலையிலிருந்து வந்த பாஸ்வேர்டையே விட்டுவிட்டாள். காபி குடிக்க வருகிறவர்களுக்கான வைஃபையிலேயே ஆபீஸ் மெஷினையும் இணைத்தாள். அந்த வைஃபைக்கான சொல், பிஸ்கோச்சோ ரொட்டியின் விலைக்குப் பக்கத்தில் பலகையில் சாக்பீஸால் எழுதியிருக்கிறது, இன்றைக்கும்.

ஊரில் இருக்கிற வங்கிக்கும் கல்லூரிக்கும் போய் பாஸ்வேர்டை மாத்துங்க, உள்ளே சேர்ந்ததை அழியுங்க என்று தொண்டை வறளச் சொல்லுகிறவள், சொந்த வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டு வந்திருந்தாள். அந்த ஆத்திரத்தில் பாதி அவள்மேலேயே. மீதிப் பாதி போதும், சித்தப்பாவுக்கு.

நேற்று வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் வாடிக்கையாளரைப் போலப் பேக்கரியின் மூலை மேஜையில் உட்கார்ந்தாள். ஒரு காபி, ஒரு தட்டு பிஸ்கோச்சோ. போனில் வைஃபையைப் போட்டாள். மெஷினின் பக்கம் திறந்தது. பழைய பாஸ்வேர்ட் ஏற்றுக்கொண்டது. காபி ஆறுவதற்குள் மூன்று வருஷம் அவள் கைக்குள் வந்துவிட்டது. கல்யாண கேக், ஞானஸ்நான கேக், ஆள் தேவை விளம்பரம். நடுவில் அம்மாவின் அட்டைகள், மூன்று கையெழுத்து.

அப்புறம் சித்தப்பா காட்டிய அந்த விடுதலைப் பத்திரம், மூன்று தடவை. அக்டோபர் முப்பதாம் தேதி அடித்ததில் கையெழுத்து கோட்டுக்குக் கீழே போயிருந்தது. அன்றே அடித்த இன்னொன்றில் முதல் கையெழுத்தைச் சாய்வாக ஒட்டியிருந்தார்கள். நவம்பர் ஒன்றாம் தேதி அடித்தது கச்சிதம்.

இன்னும் ஒன்று இருந்தது. நாலு இலக்க எண் போட்டுப் பூட்டி வைத்த ஒரே ஒரு பக்கம். சித்தப்பாவின் பிறந்த நாளைப் போட்டுப் பார்த்தாள், பேக்கரி திறந்த நாளைப் போட்டுப் பார்த்தாள். திறக்கவில்லை. போகட்டும், கையில் இருப்பதே போதும் என்று விட்டுவிட்டாள். எல்லாவற்றையும் தன்னுடைய கணினியிலும் ஒரு பிரதி வைத்துக்கொண்டாள். பிறகு வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளை டைப் செய்தாள். அது என்ன தாள் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இன்று சனிக்கிழமை. பேக்கரிக்கு விடுமுறை விட்டு, மேஜைகளை ஒன்றாகப் போட்டு, சொந்தம் முழுவதும் உட்கார்ந்திருந்தது. நடுவில் அப்பாவின் படம், மெழுகுவர்த்தி. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆபீஸ் அறையில் அந்த மெஷின்.

சித்தப்பா வீட்டுக்காரர் தோரணையில் திரிந்துகொண்டிருந்தார். அவர் காதில் எப்போதும்போலச் சிவப்புப் பென்சில். பேக்கரிக்கு வரும் எந்த ஆர்டர் சீட்டிலும் அவர் சிவப்பால் ஒரு திருத்தம் போட்டு, பக்கத்தில் ஒரு டிக் அடிக்காமல் உள்ளே போகாது. இன்று அண்ணனுக்கான கேக் சீட்டையும் விடவில்லை. 'ரோஜா ஐந்து' என்பதை அடித்து, 'மூன்று போதும்' என்று எழுதியிருந்தார்.

"இண்டாய், சாப்டியா?" என்றார் கிளெண்டாவைப் பார்த்து.

"ஜெபம் முடியட்டும் சித்தப்பா. இன்னைக்கு வயிறு நிறையத்தான் சாப்பிடப் போறேன்."

"நல்ல பொண்ணு" என்று அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பெரிய அத்தை பசிலிசா குயிமாராஸ் தீவிலிருந்து காலைப் படகில் வந்திருந்தார். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அக்கா. அந்தக் குடும்பத்தில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. வந்ததும் வராததுமாக நாற்காலியைச் சோதித்து உட்கார்ந்து, "பன்றி ஏன் இவ்ளோ ஒல்லியா இருக்கு? இதுவும் துக்கம் காத்துச்சா?" என்று கேட்டுவிட்டார்.

ஜெபம் முடிந்தது. அம்மா உள்ளே போய் நீலக் கவுனில் வெளியே வந்தார். ஒரு வருஷமாக அவரைக் கறுப்பில் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது யாரோ புது மனுஷியாகத் தெரிந்தது. ஜோவிலின் அழுதாள். ரிப்பனைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டாள். கிளெண்டாவின் ரிப்பன் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

சித்தப்பா எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"எங்கண்ணன் போனதுலேர்ந்து அண்ணி ஒண்டியா இந்த அடுப்போட மல்லுக்கட்டினாங்க. இனிமே அவங்க ஓய்வா இருக்கட்டும். அவங்களே யோசிச்சு ஒரு நல்ல முடிவு எடுத்து எழுதிக் குடுத்திருக்காங்க. அடுத்த மாசத்துலேர்ந்து பெரிய பொண்ணோட இருப்பாங்க. பேக்கரியை நான் பாத்துக்கறேன். அண்ணன் பேரைக் காப்பாத்துவேன்."

இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள். அம்மா மடியில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

கிளெண்டா மேஜைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு கட்டைவிரலால் ஒரே ஒரு தடவை அழுத்தினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷின் உறுமியது. யாருமில்லாத அறையில் விளக்கு எரிந்தது. ஒரு தாள் வந்து விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று. ஒவ்வொன்றையும் இருபது பிரதி கேட்டிருந்தாள், வந்திருந்த சொந்தத்தில் ஆளுக்கு ஒன்று வருகிற மாதிரி.

சித்தப்பாவின் பேச்சு நின்றது. "யாரு இன்னைக்கு பிரிண்ட் குடுக்கறது?"

"நான்தான் சித்தப்பா. நீங்க திறந்த கதவு வழியாவே உள்ள போனேன். பலகையில எழுதிப் போட்டிருக்கீங்களே."

அவர் போவதற்குள் பசிலிசா அத்தை எழுந்து ஆபீஸுக்குள் போய்விட்டார். வயசான உடம்பு, ஆனால் வம்பு இருக்கிற இடத்துக்கு முதல் ஆளாகப் போகும். தாள் கத்தையை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினார். மேலே அம்மாவின் அட்டையும் மூன்று கையெழுத்தும் இருந்த தாள். அடியில் மூன்று பத்திரங்கள், ஒவ்வொன்றின் தலையிலும் தேதியும் நேரமும்.

கிளெண்டா எழுந்து நின்று சொன்னாள். ஏப்ரலில் மெஷினில் மாட்டிக்கொண்ட மூன்று கையெழுத்து. அதை எடுத்து ஒட்டிப் பார்த்த மூன்று பத்திரம். முதல் இரண்டு சரியாக வரவில்லை, மூன்றாவது சரி. கேபிட்டல் அரசு அலுவலக வாசலில் குடை போட்டு உட்கார்ந்திருக்கிற நோட்டரி முகத்தைப் பார்க்காமலே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டான். "அம்மாவுக்கு மூளை குழம்பலை அத்தை. அவங்க போட்ட கையெழுத்து பென்ஷனுக்குத்தான். அந்த வாலைப் பாருங்க."

அத்தை பார்த்தார். அம்மாவும் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வாரமாக இல்லாத ரத்தம் வந்தது. "நான் மறக்கலை" என்றார், யாரிடமும் இல்லாமல்.

கிளெண்டா எதிர்பார்த்தது அந்த இடத்தில் சித்தப்பா உடைந்து உட்காருவார் என்று. அவர் உட்காரவில்லை. மூன்றாவது பத்திரத்தை வாங்கி, தலையிலிருந்த தேதியைப் படித்தார். சிரித்தார்.

"நவம்பர் ஒண்ணு, காலைல பதினொன்னு இருபது. அன்னைக்கு நான் எங்க இருந்தேன் இண்டாய்?"

கிளெண்டாவுக்குப் பதில் தெரிந்திருந்தது. நவம்பர் ஒன்று எங்கள் ஊரில் எல்லாரும் கல்லறைக்குப் போகும் நாள். குடும்பமே காலையிலிருந்து மாலை வரை அப்பாவின் கல்லறையில். சித்தப்பா அம்மாவுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் படத்தை எடுத்ததே கிளெண்டாதான்.

"நீ எடுத்த போட்டோ என்கிட்ட இருக்கு. காட்டவா?" என்றார் சித்தப்பா. "எனக்கு அந்த மெஷின்ல பச்சை பட்டன் எங்க இருக்குன்னே தெரியாது. தெரிஞ்சவங்க யாரு? அன்னைக்குத் தலைவலின்னு கல்லறைக்கு வராம இங்கயே இருந்தவங்க யாரு? கேளு. எல்லார் முன்னாடியும் கேளு."

யாரும் கேட்கத் தேவையில்லை. பேக்கரி ஆபீஸில் நாலு வருஷமாக வேலை பார்ப்பவளும் அந்த மெஷினுக்கு முன்னால் உட்காருகிறவளும் ஒருத்திதான். எல்லாத் தலையும் காபித் தட்டோடு நின்ற ஜோவிலின் பக்கம் திரும்பியது.

இரண்டு நாளாகக் கூர் தீட்டிய கத்தி. தங்கச்சியின் கழுத்தில் போய் நின்றது.

"ஜோவி" என்றார் அம்மா. அவ்வளவுதான். பிறகு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜோவிலின் தட்டைக் கீழே வைத்தாள். ஒரு கோப்பையும் சிந்தவில்லை.

"நான்தான் அடிச்சேன்" என்றாள். "அக்கா, உள்ள பூட்டின பக்கம் ஒண்ணு இருந்துச்சே. அதைத் திறந்தியா?"

"நம்பர் தெரியலை."

"அப்பா போன தேதி."

கிளெண்டாவுக்கு அது தோன்றவே இல்லை. துரோகியின் எண்ணைத் தேடியவளுக்கு மகளின் எண் எப்படித் தோன்றும்? போனில் நாலு இலக்கத்தை அழுத்தினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷின் மறுபடி உறுமியது. சித்தப்பா இந்தத் தடவை வேகமாகத்தான் போனார். ஆனால் ஜோவிலின் ஆபீஸ் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"நகரு" என்றார்.

"நாலு வருஷமா நகருன்னா நகந்தேன் சித்தப்பா. இன்னைக்குக் கால் வரலை."

தாளை எடுத்து வந்தது கிளெண்டா. இரண்டாவது பத்திரம்தான், கையெழுத்து சாய்ந்து போனது. ஆனால் இது அடித்தது இல்லை. அடித்து முடித்த தாளில் யாரோ எழுதிக் கொடுத்ததை, கிழித்துப் போடுமுன் ஜோவிலின் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்து வைத்தது. சாய்ந்த கையெழுத்தைச் சிவப்புப் பென்சில் வட்டம் போட்டு அடித்திருந்தது. பக்கத்தில் சிவப்பிலேயே எழுத்து:

'இது வேண்டாம். மூன்றாவதை எடு. ஒன்றாம் தேதி நாங்கள் கல்லறைக்குப் போனதும் அடி. அண்ணிக்குத் தெரியக் கூடாது.'

பக்கத்தில் ஒரு டிக்.

பசிலிசா அத்தை தாளைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தார். "இந்த எழுத்துலதான் நாப்பது வருஷமா எனக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து வருது" என்றார். "அதுலகூடத் திருத்தம் போட்டுத்தான் அனுப்புவான்."

செவெரினோவின் கை தானாகக் காதுக்குப் போனது. பென்சிலை எடுத்துச் சட்டைப் பைக்குள் ஒளித்தது. மொத்தச் சொந்தமும் அதைப் பார்த்தது.

"உள்ள வைக்காதீங்க சித்தப்பா. வேலை இருக்கு" என்றாள் கிளெண்டா.

பையிலிருந்து தான் டைப் செய்து வைத்திருந்த தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். அந்தப் பத்திரம் பொய், எர்லிண்டா எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, பேக்கரியிலும் வீட்டிலும் அவருடைய பங்கு அப்படியே இருக்கிறது என்று அதில் இருந்தது. அதோடு இன்னொரு தாள். சித்தப்பாவின் ஓட்டுநர் உரிமமும் முதியோர் அட்டையும் பக்கத்தில் பக்கத்தில். அதையும் அந்த மெஷின்தான் கொடுத்தது.

"போலீஸுக்குப் போறது அம்மா இஷ்டம். அதுல நான் வாக்குக் குடுக்கலை. ஆனா இதுல இப்பவே போடுங்க. எல்லார் எதிர்லயும்." பேனாவை நீட்டினாள். "அட்டைக்குக் கீழயும் போடணும். மூணு தடவை."

சித்தப்பா அக்காவைப் பார்த்தார்.

"போடு" என்றார் பசிலிசா.

முதல் கையெழுத்து நேராக வந்தது. இரண்டாவது சாய்ந்தது. மூன்றாவது போடும்போது பேனா திக்கி, வால் நடுவில் அறுந்தது. கிளெண்டா குனிந்து பார்த்தாள். ஒரு வருஷத்தில் அவளுக்கு இவ்வளவு இனித்த எதுவும் இல்லை, வெட்கமில்லாமல் சொல்லவேண்டும் என்றால். மார்பிலிருந்த கறுப்பு ரிப்பனைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டாள்.

அப்புறம்தான் தங்கச்சியைப் பார்த்தாள். இனிப்பு அங்கேயே நின்றது.

"நாலு மாசமா அந்தத் தாளை வச்சிருந்திருக்கே. அம்மா பைத்தியக்காரி மாதிரி அடுப்படியில நின்னு புலம்பினப்போ என்கிட்ட குடுத்திருக்கலாமே. ஏன் குடுக்கலை?"

"நீ முதல் கேள்வியை விட்டுட்டே அக்கா. முதல்ல ஏன் அடிச்சேன்னு கேளு."

கிளெண்டா வாயைத் திறந்தாள். அதற்குள் உள்ளறைக் கதவு திறந்தது. நீலக் கவுன் மறுபடி ஆணிக்குப் போயிருந்தது. அம்மா பழைய கறுப்பில் நின்று, கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். மேஜைமேல் இருந்த கையெழுத்தை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

"கேக்காத கிளெண்டா" என்றார். "ஏன்னு எனக்குத் தெரியும்."